நீக்கப்பட்ட பாட்டுக்கு அடுத்து என்ன செய்வது?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாபநாசம் பக்கம் கொள்ளிடக் கரையில் ஓர் ஊர். கல்லூரி மாணவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஆற்றில் மணல் அள்ளுவதைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டி, செல்போனில் படம் பிடித்து யூடியூபில் போட்டிருக்கிறார்கள். பாட்டு நாலு பேர் பார்வைக்கு வந்த வாரத்திலேயே போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன்: "வந்து பார்த்துவிட்டுப் போ." அப்புறம் காப்புரிமைப் புகார் என்று சொல்லிக் காணொளியே நீக்கப்பட்டுவிட்டது. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவர்களில் ஒரு தம்பி எழுதிக் கேட்கிறார்: "கேமராவும் நெட்டும் சட்டமும் அவர்கள் கையில். ஒரு பாட்டையும் தப்பு மேளத்தையும் கோலத்தையும் வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்துவிட முடியும்?"

செய்ய முடியும் தம்பி. ஆனால் பாட்டு யூடியூபில் மட்டும் குடியிருந்தால் முடியாது. ஊரில் பத்துப் பேர் வாயில் இருக்கிற பாட்டை எந்த சர்வரிலிருந்தும் யாரும் நீக்க முடியாது. அந்தப் பத்துப் பேருக்குப் பின்னால் ஒரு சங்கமும் ஒரு வக்கீலும் இருந்துவிட்டால், பாடியவனைத் தூக்கிக்கொண்டு போவதும் அவ்வளவு சுலபமில்லை. இந்த இரண்டும் சேர்ந்திருந்த இடத்தில்தான் கலை எதிர்ப்பாக நின்றிருக்கிறது. நம் டெல்டாவின் கடந்த நூறு வருஷத்தை எடுத்தாலும் சரி, போன வருஷங்களில் அக்கம்பக்கத்து நாடுகளில் நடந்ததை எடுத்தாலும் சரி, நான் கண்டது இதுதான்.

முதலில் எதிரே நிற்பது என்ன என்று பார்த்துக்கொள்வோம். டிஜிட்டல் எதேச்சாதிகாரம் என்று பெரிய பெயராகச் சொல்கிறோம். அது கைக்கொள்ளும் வழிகள் எளிமையானவை. நெட்டை அணைப்பது ஒன்று. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்தின்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்கள். மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் போன 4ஜி திரும்பி வந்தது 2021 பிப்ரவரியில். இணையத்தைக் காலவரையறை இல்லாமல் முடக்கக் கூடாது, முடக்கும் உத்தரவை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது. அப்படியும் 2024இல் மட்டும் இந்தியாவில் 84 முடக்கங்கள் நடந்ததாக ஆக்சஸ் நவ் என்ற அமைப்பு கணக்கெடுத்தது. ராணுவ ஆட்சி நடக்கும் மியான்மரில் 85.

அடுத்தது பக்கத்தை முடக்குவது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் வரும் உத்தரவுகளை ரகசியமாக வைக்க வேண்டும் என்று அதன் விதிகளே சொல்கின்றன. எதற்காக முடக்கினார்கள் என்ற காகிதம் எழுதியவன் கைக்கு வராமலே போகலாம். அப்புறம் கண்காணிப்பு. செல்போனுக்குள் புகுந்து உளவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் விவகாரம் 2021இல் வெளியே வந்தபோது, இலக்கு என்று சந்தேகிக்கப்பட்ட எண்களில் தமிழ்நாட்டு இயக்கத்தவர்களின் எண்களும் இருந்தன. அதே வருஷம்தான் தமிழ்நாடு காவல்துறை முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அந்தத் தரவுத்தளத்துக்குள் வெளியாள் புகுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நம் முகத்தைச் சேர்த்து வைப்பவர்களால் அதைப் பத்திரமாக வைக்கவும் முடியவில்லை.

இதில் எந்தக் கட்சி ஆட்சி என்று பார்த்துச் சமாதானம் அடைய வேண்டாம். 2017இல், எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்துப் போராடிய நெடுவாசலுக்காகவும் கதிராமங்கலத்துக்காகவும் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவிமீது குண்டர் சட்டம் பாய்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024இல் வேறு கட்சி ஆட்சி. பெண் காவலர்களைக் கேவலமாகப் பேசிய ஒரு யூடியூபர்மீது அதே குண்டர் சட்டம், அதே உயர் நீதிமன்றம், அதே ரத்து. அந்த ஆளின் பேச்சு எனக்கு அருவருப்பு. ஆனால் பேச்சுக்குக் குண்டர் சட்டம் என்பதை இவருக்குச் சரி என்று விட்டால் நாளைக்கு உங்கள் பாட்டுக்கும் சரி என்றாகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்குவது வேறொன்று. உங்கள் ஊர் குரூப்பில் நடந்தது அதுதான். யாரும் எந்தத் தடையும் போடவில்லை. அட்மின் "அரசியல் பதிவு வேண்டாம் நண்பர்களே" என்று ஒரு வரி எழுதினார். "சிங்கப்பூருக்குப் பேப்பர் போட்டிருக்கோம், பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் வரும், உனக்கெதுக்குடா இதெல்லாம்" என்று உங்கள் அப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். டெல்டாவில் வீட்டுக்கு ஓர் ஆள் வெளிநாட்டில் இருக்கும்போது இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதிகாரத்துக்கு வேண்டியது இதுதான். ஒரு போன் போட்டால் போதும், மீதி வேலையை நாமே செய்துகொள்கிறோம்.

கலைக்கு வேலை இருப்பது சரியாக இந்த இடத்தில். ஃபேஸ்புக்கில் நீங்கள் ஒரு வரி எழுதினால் அதில் உங்கள் பெயர், படம், போன் எண் எல்லாம் ஒட்டியிருக்கிறது. தனியாக நிற்கிறீர்கள். நடவு வயலில் ஒரு அம்மா முதல் அடியை எடுக்க, வரிசையாகக் குனிந்திருக்கும் இருபது பேர் பின்பாட்டு வாங்குகிறார்களே, அங்கே எந்த வரி யாருடையது என்று பிரிக்க முடியாது. முதல் அடி எடுத்தவர் மூச்சு வாங்கினால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்கிறார். யார் பெயரை வைக்கலாம், யாரைக் கேலி பண்ணலாம் என்பதைக்கூட அந்த இடத்திலேயே முடிவு செய்கிறார்கள். மேஸ்திரி கஞ்சத்தனமாகக் கூலி கொடுத்தால் அடுத்த வரியில் அவர் வந்துவிடுவார். அவர் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும், சிரித்தாலும் முறைத்தாலும் ஒன்றும் பண்ண முடியாது. பயம் தனி ஆளுக்குத்தான் வரும். சேர்ந்து பாடும்போது, "எனக்குத் தோன்றுவது இவர்களுக்கும் தோன்றுகிறது" என்ற தெரிதல் உண்டாகிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் அதைத் தராது.

1930இல் வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் கிளம்பினார்கள். தஞ்சை கலெக்டர் தார்ன், வழியில் இவர்களுக்குச் சோறு போடுபவர்களும் தங்க இடம் கொடுப்பவர்களும் சிறைக்குப் போவார்கள் என்று எச்சரித்து விளம்பரம் செய்தார். யோசித்துப் பாருங்கள், நடப்பவர்களை விட்டுவிட்டு உதவுபவர்களைக் குறிவைக்கிறார். இன்றைக்கு ஃபார்வர்டு செய்தவன்மீதும் அட்மின்மீதும் வழக்குப் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரங்களில் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று கேட்டால் மரம்தான் பதில் சொல்ல வேண்டும். கும்பகோணம், மன்னார்குடி என்று ஊர் ஊராக நடந்தவர்கள் வாயில் இருந்தது, இந்த நடைக்கென்றே நாமக்கல் கவிஞர் எழுதிய 'கத்தியின்றி ரத்தமின்றி'. அச்சடித்த தாளைப் பறிமுதல் செய்யலாம். நடந்துகொண்டே பாடும் பாட்டை என்ன செய்வது?

அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் வேதாரண்யத்து வைரப்பன். முடி திருத்துபவர். உப்புத் தொண்டர்களை அடிக்கும் போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டவர். சாதாரண உடையில் வந்து உட்கார்ந்த ஆள் போலீஸ்காரர் என்று பாதிச் சவரத்தில் தெரிந்ததும் கத்தியை மடித்து வைத்துவிட்டார். சிறைக்கும் போனார். அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுத்தூண் இருக்கிறது, போனால் பாருங்கள். பாதி மழித்த முகத்தோடு அந்தப் போலீஸ்காரர் தெருவில் நடந்து போனதைவிடப் பெரிய கேலிச்சித்திரம் அன்றைக்கு யாரும் வரைந்திருக்க முடியாது. கலை என்றால் மேடையும் மைக்கும்தான் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்தது நெருக்கடி நிலை. திருவாரூரில் 1942இல் துண்டறிக்கையாகப் பிறந்த பத்திரிகை முரசொலி. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, கட்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கைதானார்கள். யார் யார் கைது என்று எழுதத் தணிக்கை அதிகாரி விடமாட்டார். பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்றைக்கு முரசொலியில், அண்ணா நினைவிடத்துக்கு மலர் வைக்க வர முடியாதவர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. வெறும் பெயர்கள். தணிக்கையில் வெட்ட ஒன்றுமில்லை. வாசகனுக்கோ ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. கலைஞர் அரசியலில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தடையின் கண்ணில் படாமல் உண்மையை முழுதாக நிறுத்திய உத்தியாக இதைப் படியுங்கள். அதற்கும் முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில் நாடக நடிகர் விசுவநாத தாஸ் மேடையில் வெள்ளைக் கொக்கு பறப்பதைப் பாடினார். கொட்டகைக்குள் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கொக்கு யார் என்று தெரியும். போலீசுக்கும் தெரிந்ததால்தான் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2022 நவம்பரில் சீனாவில் உரும்சி நகரத் தீவிபத்துக்குப் பிறகு கொரோனா கட்டுப்பாடுகளை எதிர்த்துத் தெருவுக்கு வந்த இளைஞர்கள் எதுவும் எழுதாத வெள்ளைத் தாளைத் தூக்கிப் பிடித்தார்கள். சொல்லைத் தேடி அழிக்கும் கணினிக்குச் சொல்லே இல்லாத தாளைக் கொடுத்தார்கள்.

ஆனால் மறைபொருளில் ஒரு பிரச்சினை உண்டு. உள்ளே இருப்பவனுக்கு மட்டும்தான் புரியும். மணல் விஷயத்தில் கரையோரத்து விவசாயிக்கும், லாரி ஓட்டும் பையனுக்கும், திருச்சியில் வீடு கட்டுபவருக்கும் புரிய வேண்டும். அதனால் உங்கள் பாட்டுக்குக் கொக்கு, வெள்ளைத் தாள் வழியெல்லாம் வேண்டாம் என்பது என் கருத்து. நேராகப் பாடுங்கள்.

நேராகப் பாடினால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சிக்காரர் கோவன் சாட்சி. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர். டாஸ்மாக்கை மூடச் சொல்லி அவர் பாடிய பாட்டு இணையத்தில் வந்தது. 2015 அக்டோபர் 30 அன்று வீட்டில் வைத்தே தேசத் துரோக வழக்கில் பிடித்துப் போனார்கள். நடந்தது என்ன? அதுவரை இயக்க வட்டத்துக்குள் ஓடிய பாட்டு நாடு முழுக்க ஓடியது. நவம்பரில் ஜாமீனில் வந்தார். அடுத்த வருஷம் மே மாதம் புதிதாகப் பதவியேற்ற அரசு 500 கடைகளை மூட உத்தரவு போட்டது. பாட்டுதான் கடைகளை மூடியது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் காந்தியவாதி சசிபெருமாள் கோபுரத்தில் ஏறி உயிரை விட்டிருந்தார், பெண்கள் கடைகளை உடைத்திருந்தார்கள், மாணவர்கள் அடி வாங்கியிருந்தார்கள். அந்த அலைக்குப் பாட்டு ஒரு குரல் கொடுத்தது. கோவனுக்குப் பின்னால் ஓர் அமைப்பு இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள், அவர் உள்ளே இருந்தபோது அதே பாட்டை வெளியே பாடக் குழு இருந்தது. இந்தக் கடைசி விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2017இல் இன்னொரு பாடம் கிடைத்தது. அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் பேசியாக வேண்டும். மார்ச் மாதம் அய்யாக்கண்ணு தலைமையில் நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். கழுத்தில் மண்டை ஓடுகள், தற்கொலை செய்துகொண்ட விவசாயிகளுடையவை என்றார்கள். ஒரு நாள் வாயில் எலி. ஒரு நாள் அரை நிர்வாணம். 41 நாள் நடந்து, கடைசியில் சிறுநீர் குடிக்கும் அளவுக்குப் போனது. வயதானவர்கள், வெயிலில், தெரியாத ஊரில். அந்த உறுதிக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். உலகப் பத்திரிகைகளில் எல்லாம் படம் வந்தது. இப்போது யாரையாவது நிறுத்திக் கேளுங்கள், எலி நினைவிருக்கும். கடன் தள்ளுபடி, 40,000 கோடி வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம் என்ற கோரிக்கைகளைச் சொல்பவர்கள் குறைவு. திரை அப்படித்தான் பழக்குகிறது. நேற்றைய படத்தைவிட இன்றைய படம் கொடூரமாக இருந்தால்தான் காட்டும். போராடுபவன் தன் உடம்பை மேலும் மேலும் வருத்திக்கொண்டே போக வேண்டும். இதைக் கேட்பது எந்த அமைச்சரும் இல்லை, போலீசும் இல்லை. திரையில் எது மேலே வரவேண்டும் என்று தீர்மானிக்கும் கணினிக் கணக்கு, அல்காரிதம். அதுவும் ஒரு வகை ஆட்சிதான். அதற்கு அடிபணியாமல் கலை செய்வது எப்படி என்பதுதான் உங்கள் தலைமுறையின் கேள்வி என்று நினைக்கிறேன்.

அதே வருஷம் ஜூன் 30 கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலில் கசிந்தது. தடியடி நடந்தது. பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டவர்களைக் கைது செய்தார்கள். அங்கே ஊர் சனம் மாதக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்தது. சமையல் நடந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடப் பாடம் படித்தார்கள், பாட்டும் ஒப்பாரியும் நடந்தன. படமாக எடுத்தால் பரபரப்பு ஒன்றும் இருக்காது. ஆனால் நிலத்தடியிலிருந்து எடுக்கத் திட்டமிட்ட மீத்தேன் என்ற எரிவாயுவின் பெயர் டெல்டாவின் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர் ஆனது, இப்படிப்பட்ட உட்காரல்களாலும், அதற்கு முன்னால் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியதாலும். அவர் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் அந்தப் பிரசாரத்தின் நடுவில்தான் காலமானார். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு நிலக்கரித் தொகுதிகளை ஒன்றிய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தபோது எதிர்ப்பு சில நாளில் எழுந்தது, சில நாளில் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அந்த வேகம் டிவிட்டரில் பிறந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். பத்து வருஷம் திடலில் உட்கார்ந்து உண்டானது.

கோலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2019 டிசம்பர் 29, மார்கழி. சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்து வைத்தது. மறுநாள் விடியலில் எத்தனையோ வாசல்களில் அதே வரி. போட்டவர்கள் யாரும் கூட்டம் கூடவில்லை, ஊர்வலம் போகவில்லை. அவரவர் வாசலைத் தெளித்து அவரவர் கோலத்தைப் போட்டார்கள். எந்தச் சட்டப் பிரிவில் பிடிப்பது? வெயில் ஏறுவதற்குள் மிதிபட்டு அழிந்துவிடும், படம் மட்டும் இருக்கும், நாளைக்குப் புதிதாகப் போடலாம். மணலுக்கும் இது பொருந்தும். ஆற்று மணலிலேயே போடலாமே.

கார்ட்டூனுக்கு வருவோம். திருத்துறைப்பூண்டியில் பிறந்த வாசன் வளர்த்த விகடன் குழுமத்தின் இணையதளம் 2025 பிப்ரவரி 15 அன்று பலருக்குத் திறக்கவில்லை. பிரதமர் கைவிலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற ஒரு கார்ட்டூன் காரணம். ஒரு படத்துக்காகப் பல வருஷக் கட்டுரைகள் இருந்த மொத்தத் தளத்தையும் மூடினார்கள். மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் முடக்கத்தை நீக்கச் சொன்னது, அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1987இல் ஆனந்த விகடன் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆசிரியர் பாலசுப்பிரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியபோது இதழைக் கடையிலிருந்து யாரும் பிடுங்க முடியவில்லை. வாங்கியவர் வீட்டில் அது இருந்தது. இன்று ஒரு பொத்தானில் எல்லார் வீட்டிலிருந்தும் மறைகிறது. அச்சுப் பிரதி, பென்டிரைவ், மனப்பாடம் மூன்றும் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

பக்கத்து நாடுகளையும் பாருங்கள். கோடியக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று சமூக ஊடகங்களை முடக்கினார்கள். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அடுத்த வாரமே கொழும்பு காலி முகத்திடலில், அதிபர் கோட்டாபயவைப் போகச் சொல்லும் 'கோட்டா கோ கம' என்ற போராட்டக் கிராமம் எழுந்தது. கூடாரங்களுக்கு நடுவில் நூலகம், ஓவியம், நாடகம், சினிமா எல்லாம் நடந்தன. ஜூலையில் அதிபர் நாட்டை விட்டே போனார். வங்கதேசத்தில் 2024 ஜூலை 18 முதல் நெட் இல்லை. ராப் பாடியதற்காக இளைஞர்கள் கைதானார்கள். தெருச் சுவர்கள் முழுக்க எழுத்தும் படமும் ஆயின. ஈரானில் 2022இல் மக்கள் டிவிட்டரில் எழுதிய வரிகளையே கோத்து ஷெர்வின் ஹாஜிபூர் பாடிய பாட்டை அழிக்க வைத்து அவரையும் பிடித்தார்கள். அதற்குள் பாட்டு பள்ளிக்கூடப் பெண்கள் வாய்க்குப் போய்விட்டது. ஈரானில் ஆட்சி மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வங்கதேசத்தில் எழுத்தாளர் முஷ்தாக் அகமது ஃபேஸ்புக் பதிவுகளுக்காக டிஜிட்டல் பாதுகாப்புச் சட்டத்தில் கைதாகி 2021 பிப்ரவரியில் சிறையிலேயே செத்துப்போனார். கலை கவசம் ஆகாது. யாராவது வந்து உங்களைத் தியாகத்துக்குத் தூண்டினால் நம்பாதீர்கள்.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன்.

போனில் கூப்பிட்டால் தனியாகப் போக வேண்டாம். ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றச்சாட்டு என்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவில் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. "நோட்டீஸ் கொடுங்கள் சார், வக்கீலோடு வருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். உங்கள் குழுவில் இருக்கும் பெண்களைச் சாட்சியாக விசாரிப்பதென்றால் வீட்டுக்குத்தான் வர வேண்டும், ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது. 2025 மார்ச் 28 அன்று எம்.பி.யும் கவிஞருமான இம்ரான் பிரதாப்கடி வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை உங்கள் வக்கீலிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒரு கவிதை வீடியோவுக்காகப் போட்ட எஃப்.ஐ.ஆரை ரத்து செய்து, வழக்குப் பதிவதற்கு முன்னால் போலீஸ் அந்தக் கவிதையைப் படித்துப் பொருள் என்ன என்று பார்க்க வேண்டும், உறுதியான மனமுள்ளவர்களின் அளவுகோலில் அதை எடைபோட வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். கலைஞர்களுக்குச் சமீபத்தில் கிடைத்த நல்ல ஆயுதம் அது.

காப்புரிமைப் புகாருக்கு வருவோம். முதலில் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மெட்டு சினிமா மெட்டா? ஆமாம் என்றால் அவர்கள் புகாரில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. தெம்மாங்கோ கும்மியோ எடுத்து மாற்றிக் கட்டுங்கள், அதற்குச் சொந்தக்காரர் கிடையாது. மெட்டு உங்களுடையதுதான் என்றால் யூடியூபில் எதிர் அறிவிப்புக் கொடுக்கலாம். புகார் கொடுத்தவர் பத்து வேலை நாளுக்குள் கோர்ட்டுக்குப் போனதற்குச் சான்று காட்டாவிட்டால் காணொளி திரும்ப வரும். ஆனால் கவனம், எதிர் அறிவிப்பில் நீங்கள் தரும் பெயரும் முகவரியும் புகார் கொடுத்தவருக்கே போகும். மணல் விஷயத்தில் இது விளையாட்டில்லை. வக்கீல் வழியாகக் கொடுங்கள்.

பாட்டை இனி ஒருவர் குரலில் வைக்காதீர்கள். ஊரில் நாலு பேருக்கு, பக்கத்து ஊரில் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும், அது ஒரு மாதத்தில் கல்லணை வரைக்கும் போகும். தப்பு அடிக்கும் அண்ணன்களைக் கூப்பிட்டால் கூலி கொடுங்கள். வைக்கோல் மூட்டித் தோலைச் சூடு காட்டி, தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டி அவர்கள் சுருதி சேர்ப்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். அந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்டதுமே ஆள் கூடிவிடும், மைக்செட் வேண்டியதில்லை. மைக் வைத்தால் அனுமதி வேண்டும், கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் அனுமதி வாங்கச் சொல்லும் போலீஸ் சட்டத்தின் 30(2) பிரிவைப் போட்டிருக்கிறோம் என்று தடுப்பார்கள். எப்படியும் மனு கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது கூட்டத்தின் முகத்தைக் காட்டாமல் முதுகுப் பக்கமிருந்து எடுங்கள், பிள்ளைகளை எடுக்கவே வேண்டாம். மூலக் கோப்பை இரண்டு பென்டிரைவில் போட்டு இரண்டு வீட்டில் வையுங்கள்.

முகத்தை மறைத்துக்கொண்டு பாடலாமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். பாடலாம், தப்பில்லை. ஆனால் உங்கள் ஊரில் குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள், அதனால் பெரிய பாதுகாப்பும் இல்லை. அதைவிடப் பாட்டின் உள்ளே இருப்பதைப் பலப்படுத்துங்கள். இப்போதைய பாட்டில் ஒருவரைப் பெயர் சொல்லித் திருடன் என்கிறீர்கள், கையில் காகிதம் இல்லை. அவதூறு வழக்குக்கு நீங்களே வழி விடுகிறீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் கனிமவளத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனுப் போடுங்கள். உங்கள் கரையில் குவாரி அனுமதி யாருக்கு, எந்தப் புல எண்ணில், எத்தனை அடி ஆழம், எத்தனை லோடு, எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தனிநபர் தகவல் என்று பெயரை மறுக்கலாம், மற்றதை அந்தக் காரணம் சொல்லி மறுக்க முடியாது. பெயர் வராவிட்டாலும் பரவாயில்லை, ஆழமும் லோடும் போதும். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனதை முதல் சரணத்தில் வையுங்கள், அது ஊருக்கே தெரிந்த சேதி. அனுமதித்த ஆழத்தையும் நீங்கள் கயிறு விட்டு அளந்த ஆழத்தையும் இரண்டாம் சரணத்தில் வையுங்கள். மனு எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.